தையலுக்குள் ஒரு கை

அந்த வீட்டில் உட்கார நிறைய இடம் இருந்தது. பன்றியின் மேல் உட்காராமல் உட்காரத்தான் இடம் இல்லை.

சோபாவில் ஆறு குஷன், ஆறிலும் பன்றி. ஜன்னலில் திரைச்சீலை இரண்டு பாதி, பாதிக்கு ஒரு பன்றி. விளக்கு மூடியில் பன்றி. சுவர்க் கடிகாரத்திலும் பன்றி. அதன் மூக்கிலிருந்து கிளம்பிய முட்கள் பதினொன்றரையைக் காட்டின. குப்பை மேட்டில் பார்க்கிற சாதாரணப் பன்றி இல்லை. முகமெல்லாம் மரு, வாயின் இரண்டு ஓரத்திலும் மீசையை முறுக்கிவிட்டது போல மேலே வளைந்த தந்தம். வார்ட்ஹாக் என்று பெயர்.

"அத்தை, காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சும்பாங்க. இதைப் பெத்தது என்ன சொல்லியிருக்கும்?" என்றாள் மருமகள்.

"வாயை மூடிட்டு உட்காரு."

"எங்க உட்கார? கண்ணு மேலயா, மூக்கு மேலயா?"

மாமியார் ஒரு தந்தத்தின் மேல் உட்கார்ந்தார். முப்பது வருடம் பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒரே மேஜை, ஒரே வேலை. போட்டோவைப் பார், ஆளைப் பார், மறுபடி போட்டோவைப் பார். தாடி வளர்த்தவன், மொட்டை அடித்தவன், அண்ணன் போட்டோவைக் கொண்டுவந்த தம்பி, எவனும் அவர் மேஜையைத் தாண்டியதில்லை. ஓய்வு பெற்ற மறுமாதமே துப்பறிய ஆரம்பித்துவிட்டார். துணைக்கு மருமகள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தவள். "வீட்ல இருந்தா உங்க பையனுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தே கை தேஞ்சிடும்" என்று கூடவே கிளம்பிவிட்டாள்.

அவர்களை வரவழைத்தவர் எதிரே நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலடியில் துணி அடுக்கி மூடிய பெட்டி ஒன்று. கையில் ஒரு உறை.

"நேரா விஷயத்துக்கு வரேன். இது விவாகரத்து மனு. நாலு மணிக்கு வக்கீல்கிட்ட போகணும். கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு அதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

"உங்க வீட்டுக்காரர்?"

"காட்டுல."

கணவர் காட்டு விலங்குப் புகைப்படக்காரர். ஆறு வருடமாக, வருடத்துக்கு இரண்டு மாதம், வார்ட்ஹாக் எடுக்கக் காட்டுக்குப் போகிறார். வீட்டு அலங்காரக் கம்பெனி ஒன்று அந்தப் படங்களைக் குஷனிலும் திரையிலும் அச்சடித்து விற்கிறது. வீட்டுக்கு ஒரு செட் இலவசம்.

"ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது அவர் சட்டையில ஒரு வாசனை."

"செண்ட்டா?" மருமகள் முன்னால் நகர்ந்தாள்.

"ஃபினாயில்."

மருமகள் பின்னால் நகர்ந்தாள்.

"காட்டுக்குள்ள யாருங்க ஃபினாயில் ஊத்திக் கழுவறா?" என்றார் டீச்சர். "ஃபினாயில் இருந்தா பாத்ரூம் இருக்கு. பாத்ரூம் இருந்தா வீடு இருக்கு. வீடு அவ்வளவு சுத்தமா இருந்தா அதுல ஒருத்தி இருக்கா."

"கணக்கு சரியாத்தான் வருது" என்றாள் மருமகள்.

"அவர் கழுவியிருக்க வாய்ப்பு இல்லையா?" என்று கேட்டார் மாமியார்.

டீச்சர் சிரித்த சிரிப்பில் சந்தோஷமே இல்லை. "அவரா? குடிச்ச டம்ளரை நகர்த்த மாட்டார். இடுப்புல டிஸ்க் நகர்ந்திருச்சாம். ஆறு வருஷமாக் குனிஞ்சதே இல்ல. சாக்ஸ்கூட நான்தான் மாட்டிவிடறேன்."

"அந்த இடுப்போட காட்டுல எப்படிப் போட்டோ எடுக்கறார்?"

"நின்னுக்கிட்டே எடுப்பாராம்."

"பாவம்" என்றார் மாமியார் மனதார. "என் பையனுக்கும் இதே இடுப்புதான்."

மருமகள் கூரையைப் பார்த்தாள். அப்போது மாமியாரின் கைப்பேசி அடித்தது.

"அம்மா, பால் ஃப்ரிட்ஜுல கீழ்த்தட்டுல இருக்கு."

"ஆமாடா."

"கீழ்த்தட்டும்மா."

"ஐயோ, குனியாதேடா! பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லு." போனை வைத்துவிட்டு மருமகளிடம் திரும்பினார். "பாலை மேல்தட்டுல வைக்கக் கூடாதாம்மா?"

"நாளைலேருந்து ஃப்ரிட்ஜையே தலைகீழா வச்சிடறேன் அத்தை."

மாமியார் எழுந்து சுவர்களைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு படத்தின் முன்பும் மூக்குக்கண்ணாடியை ஒருமுறை இறக்கினார், ஒருமுறை ஏற்றினார். பழைய மேஜையின் பழக்கம். அலங்காரக் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தை மருமகள் உரக்கப் படித்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

"'ஏழு காடுகள். பதினான்கு கூட்டங்கள். உயிரைப் பணயம் வைத்த ஒரு கலைஞன்.' விளக்கு மூடிக்குப் பேர் 'தனிமையின் தந்தம்'. இந்தக் குஷன் 'மண்டியிடும் வனம்'. 'பூமித்தாயின் முன் ஒரு வேட்டை ஆன்மாவின் சரணாகதி. ஈரத்துணியால் துடைக்கவும்.'"

"எத்தனை பன்னி இருக்கு இந்த ஹால்ல?"

"பத்து அத்தை. உங்களைச் சேர்க்கல."

"தப்பு. ஒண்ணுதான்."

டீச்சர் நிமிர்ந்தார்.

"ஒரே மூஞ்சி" என்றார் மாமியார். "இடது காதுல ஒரு கடி, தேய்பிறை மாதிரி. இடது தந்தம் நுனி உடைஞ்சிருக்கு. கண்ணுக்குக் கீழ மூணு மரு வரிசையா. குஷன்லயும் இதேதான், கடிகாரத்துலயும் இதேதான். இதுக்கு ஒரு பாஸ்போர்ட் போதும்."

"ஆனா திரையில பாருங்க, இந்தப் பாதியில கடி வலது காதுல இருக்கே?" என்றார் டீச்சர்.

இதற்குப் பதில் மருமகளிடம் இருந்தது. "ரெண்டு பாதியும் ஒண்ணை ஒண்ணு பார்த்தா அழகுன்னு ஒரு பாதியைக் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பி அச்சடிப்பாங்க. வலது பாதிக்காரரும் அவரேதான். திரும்பி நிக்கறார்."

"அப்ப ஏழு காடு? பதினாலு கூட்டம்?"

"கூட்டம் வரலைங்க. தலைவர் மட்டும் வந்திருக்கார்."

டீச்சர் மெல்ல சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். ஆறு வருடமாகக் கணவரின் வீரத்தை ஊரெல்லாம் சொல்லி வந்தவர். விருந்தாளிகள் முகம் சுளித்தபோதெல்லாம், "ஒவ்வொண்ணும் உயிரைக் குடுத்து எடுத்தது" என்று இந்தக் குஷன்களை அணைத்துக்கொண்டவர்.

மாமியார் மண்டியிடும் வனத்தை மடியில் வைத்துக்கொண்டார். பன்றி முன்னங்கால்களை மடக்கி முட்டி போட்டிருந்தது. மூக்குக்கு நேரே, குஷனின் ஓரத்தில், பழுப்பாக ஏதோ ஒன்றின் நுனி எட்டிப் பார்த்தது.

"சரணாகதியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். "இது தரையில இருக்கறதைத் தின்னணும்னா முட்டி போட்டுத்தான் தின்னும். இது என்ன, கிழங்கு நுனியா?"

"கிழங்கு நுனி இருந்தா முழுக் கிழங்கும் எங்கயாவது இருக்கணுமே" என்ற மருமகள் ஓரத்தை விரலால் நெருடினாள். அவள் முகம் மாறியது. "அத்தை, உள்ள ஒரு அங்குலம் துணி விட்டிருக்காங்க."

"அதனால?"

"ஓரத்துல வெள்ளைத் துணி தெரியக்கூடாதுன்னு போட்டோவைக் கொஞ்சம் பெருசாவே அச்சடிச்சு, மிச்சத்தை உள்ள மடிச்சுத் தைப்பாங்க. படத்தோட ஓரத்துல வேண்டாதது ஏதாவது இருந்தாக்கூட, 'அது தையலுக்குள்ள போயிடும்'னு விட்டுடுவாங்க. நானே அப்படித்தான் விடுவேன்." அவள் தலையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள். "டீச்சர், குஷன் போனாப் பரவாயில்லையா?"

"கிழிங்க" என்றார் டீச்சர்.

நூல் படபடவென்று விட்டது. மடிப்பு விரிந்தது. முதலில் கிழங்கின் மீதி வந்தது. கிழங்கைப் பிடித்த இரண்டு விரல்கள். பிறகு மோதிர விரல். அதில் ஒரு பக்கம் நசுங்கிய மோதிரம்.

டீச்சர் அதைத் தொட்டார். "எங்க கல்யாண மோதிரம். முதல் வருஷம் கார்க் கதவுல மாட்டி நசுங்கினது."

அவரேதான் கணக்கை முடித்தார்: "அவர் கை படத்துக்குள்ள இருக்கு. அப்ப கேமரா யார் கையில?"

டீச்சர் உறையைப் பிரித்து மனுவை வெளியே எடுத்தார். பேனாவையும் எடுத்தார்.

"நாலு மணின்னுதானே சொன்னீங்க" என்றார் மாமியார். "இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. ஏம்மா, குஷனுக்கு ஒரு அங்குலம் விடுவாங்கன்னா, திரைக்கு எவ்வளவு விடுவாங்க?"

"கீழ் மடிப்புக்கு நாலு அங்குலம் அத்தை!"

திரைச்சீலையின் அடிமடிப்பைப் பிரித்தார்கள். உள்ளே பச்சைக் கம்பி வேலியின் அடிப்பாகம். வேலியில் கட்டிய ஒரு தகரப் பலகை. மேல்மூலையில் மஞ்சள் கிளி ஒன்றின் சின்னம். அதன் கீழே எழுத்துகள்: 'தீனி கொடுத்தபின் கைகளைக் கழு—' மீதியைக் கத்தரி கொண்டுபோயிருந்தது.

"மஞ்சக் கிளி!" என்றாள் மருமகள். "அத்தை, இது பஸ்ஸோட கடைசி ஸ்டாப்புல இருக்கற மிருகப் பூங்கா. ஸ்கூல்ல நம்ம புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனாங்களே, அங்க குடுத்த ஸ்டிக்கர் இன்னும் நம்ம வீட்டுக் கதவுல இருக்கு."

"காடு எவ்வளவு தூரம்னு உங்க வீட்டுக்காரர் சொன்னார்?"

"ரெண்டு ஃப்ளைட்" என்றார் டீச்சர். "அப்புறம் ஒரு நாள் ஜீப்."

"நமக்குப் பன்னிரண்டு ஸ்டாப்பு" என்றார் மாமியார்.

*

பூங்காவில் கூட்டம் இல்லை. டிக்கெட் கிழித்தவரிடம் மருமகள் வார்ட்ஹாக் எங்கே என்று கேட்டாள்.

"மகாராணியா? குரங்குக் கூண்டு தாண்டி இடது பக்கம். இப்போ அதுக்கு மதியக் குளியல் நேரம். தற்காலிக ஆளு ஒருத்தர் இருக்கார், அவர் வந்தாத்தான் அது குளிக்கும். வருஷத்துக்கு ரெண்டு மாசம் வருவார். தங்கமான மனுஷன்."

"ஆம்பளையா?" என்றார் டீச்சர்.

"அவரோட வேற யாராவது?" என்றார் மாமியார்.

"யாரும் இல்லைம்மா. பின்னாடி ஒரு ரூம் இருக்கு, தனியாத்தான் தங்குவார். அந்த ரூமைப் பார்க்கணுமே. தரையில சோறு போட்டுத் தின்னலாம்."

டீச்சரின் நடை வேகமானது.

குரங்குக் கூண்டின் சுவருக்குப் பின்னால் மூவரும் நின்று எட்டிப் பார்த்தார்கள். பச்சை வேலி. கிளிப் பலகை. வேலிக்குள்ளே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு மனிதர், தலைகீழாக மடிந்து, சிமெண்டுத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாட்டை முணுமுணுத்தபடி தேய்த்தார். மூலை முடுக்கெல்லாம் விட்டு வைக்காமல் தேய்த்தார். ஃபினாயில் வாசனை குரங்குக்கூண்டு வரை அடித்தது. பிறகு நான்கு வாளிகளைக் கழுவி, தண்ணீர் வடிய வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். ஒன்று கோணலாக இருந்தது. மறுபடி குனிந்து அதைச் சரிசெய்தார்.

"டிஸ்க்கு" என்று மருமகள் மெல்லச் சொன்னாள்.

டீச்சர் இமை கொட்டுவதைக்கூட நிறுத்தியிருந்தார்.

அந்த மனிதர் முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஒரு பொத்தானை அழுத்தினார். கேமரா 'பீப், பீப்' என்று எண்ண ஆரம்பித்தது. அவர் ஓட்டமாக ஓடி, சேற்றில் மண்டியிட்டு, பன்றியின் விலாவைச் சொறிந்தார். மகாராணி கண்களை மூடி, முன்னங்கால்களை மடக்கியது. அதன் மூக்கருகே ஒரு கிழங்கை நீட்டி, தன் உடம்பை மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கிளிக்.

"கேமரா யார் கையிலயும் இல்லை டீச்சர்" என்றார் மாமியார். "தானா எடுக்குது."

"தெரியுது" என்றார் டீச்சர்.

மாமியார் வேலியருகே போய் நின்றார். மூக்குக்கண்ணாடிக் கூடு கையிலிருந்து நழுவி வேலிக்குள் விழுந்தது. நழுவியதா, நழுவவிட்டாரா என்பதை மருமகள் பிறகுகூடக் கேட்கவில்லை.

"அடடா, இருங்கம்மா" என்று ஓடிவந்த மனிதர் இடுப்பை இரண்டாக மடித்து, கூட்டை எடுத்து, சட்டையில் துடைத்து நீட்டினார். "இந்தாங்க."

"இடுப்பு எப்படி இருக்கு?" என்றார் டீச்சர்.

அவர் நிமிரவில்லை. குனிந்த நிலையிலேயே நின்றுவிட்டார். ஆறு வருடத்தில் முதல்முறையாக அவருக்கு நிஜமாகவே நிமிர முடியவில்லை.

"நீ... நீ எப்படி இங்க?"

"பன்னிரண்டு ஸ்டாப்பு. காடு எங்கங்க?"

"போனேன்" என்றார் தரையைப் பார்த்தபடி. "முதல் வருஷம் சத்தியமாப் போனேன். மூணாம் நாள் ஒரு வார்ட்ஹாக் எதிர்ல வந்துச்சு. வாலைக் கம்பம் மாதிரி நிமிர்த்திக்கிட்டு ஓடுச்சு."

"வாலை நிமிர்த்தி ஓடினா அது பயந்து ஓடுதுன்னு அர்த்தம்" என்றார் மாமியார்.

"அது அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுவும் பயந்து ஓடுச்சு, நானும் பயந்து ஓடினேன். ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஓடினதுதான் தப்பாப் போச்சு."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு குரங்குகள் பக்கம் திரும்பினாள்.

"திரும்பி வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ என் வீரத்தைப் பத்தி ஸ்கூல்ல ஆரம்பிச்சு உங்க சித்தப்பா வீடு வரைக்கும் சொல்லிட்டே. கம்பெனியும் குஷன் அடிக்கத் துணி வாங்கிட்டாங்க. எனக்கு வேற வழி தெரியல. சத்தியமா வேற யாரும் இல்ல. இவ மட்டும்தான்."

மகாராணி அவருடைய பூட்ஸை முட்டியது. அவர் அறியாமலே குனிந்து அதன் காதைச் சொறிந்தார்.

டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். நசுங்கிய மோதிரத்தைப் பார்த்தார். வரிசையாகக் கவிழ்த்த வாளிகளைப் பார்த்தார்.

"இன்னொருத்தி இருந்திருந்தாக்கூட என் மனசு ஆறியிருக்கும்" என்றார். "பன்னிக்குத் தொட்டி கழுவறீங்க. தரை தேய்க்கறீங்க. வாளி கோணலா இருந்தா உங்களுக்குத் தாங்கல. அங்க நான் தினம் காலையில தரையில உட்கார்ந்து உங்க காலைத் தூக்கி மடியில வச்சு சாக்ஸ் மாட்டிவிட்டேன்."

"இங்க செஞ்சா யாரும் பார்க்க மாட்டாங்களே" என்றார் அவர், மிகவும் சின்னக் குரலில். "வீட்ல செஞ்சா... நீ என்னைப் பத்தி எல்லார்கிட்டயும் எவ்வளவு பெரிய ஆளா சொல்லி வச்சிருக்கே..."

"காட்டுக்குப் போற சிங்கம் டம்ளர் கழுவுமான்னு?"

அவர் தலையாட்டினார்.

டீச்சர் மனுவை எடுத்தார். வேலியின் கிளிப் பலகை மேல் அதைக் கவிழ்த்து வைத்தார். பேனாவைத் திறந்து, பின்பக்கத்தில் நேர்கோடாக நாலு கோடு போட்டார்; குறுக்கே ஏழு. கட்டங்களில் எழுத ஆரம்பித்தார். திங்கள், பாத்திரம். செவ்வாய், பாத்ரூம். புதன், பாத்திரமும் தரையும். சனிக்கிழமைக் கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, 'மகாராணி, அரை நாள்' என்று எழுதினார்.

"கையெழுத்துப் போடுங்க."

"இது விவாகரத்து மனுவாச்சே..."

"பின்பக்கத்துல போடுங்க. முன்பக்கத்துல நான் கையெழுத்துப் போடற இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. இதுல ஒரு நாள் தவறினா, அதுல நான் போடுவேன்."

அவர் போட்டார். பன்றி அந்தத் தாளை முகர்ந்து பார்த்தது, தின்னப் பார்த்தது, டீச்சர் அதை வெடுக்கென்று பிடுங்கி உறைக்குள் வைத்தார். பிறகு வக்கீலுக்குப் போன் செய்தார்.

"சார், இன்னைக்கு வரல. ஆமா. பேப்பர் வேற வேலைக்குத் தேவைப்பட்டுது."

போனை வைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னார்: "கிளம்புங்க. வீட்ல இருக்கற பன்னி எல்லாம் இன்னைக்கே கீழ இறங்கணும். தையல் பிரிச்ச குஷன் மட்டும் இருக்கட்டும், ஹால்ல, கை தெரியற மாதிரி. அந்தப் பிரஷ்ஷையும் எடுத்துக்குங்க. நம்ம வீட்டுப் பிரஷ் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது."

*

மாமியாரும் மருமகளும் வீடு திரும்பியபோது மகன் சோபாவில் சாய்ந்திருந்தான். தரையில் சாப்பிட்ட தட்டு, குடித்த டம்ளர், காலி பால் பாக்கெட்.

"வந்துட்டியா?" என்றான் மனைவியிடம். "இதை எல்லாம் கொஞ்சம் எடேன். காலையிலேருந்து இடுப்பு உயிர் போகுது."

மருமகள் வழக்கம்போலக் குனியப் போனாள். மாமியார் அவள் தோளில் கை வைத்து நிறுத்தினார். மகனை உற்றுப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஒருமுறை இறக்கினார், ஒருமுறை ஏற்றினார். முப்பது வருடம் எத்தனையோ முகங்களைப் பார்த்த அந்தக் கண்கள் இந்த ஒரு முகத்தை இதுவரை பார்த்ததே இல்லை.

பிறகு கண்ணாடியைக் கழற்றினார். கூட்டுக்குள் வைத்தார். கூடு கை நழுவி மகனின் காலடியில் விழுந்தது.

"பார்த்தும்மா" என்று சட்டென்று குனிந்து எடுத்துக் கொடுத்தான் மகன்.

கொடுத்த பிறகுதான், இரண்டு பெண்களும் தன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தான்.

"தட்டு பக்கத்துலதான் இருக்கு" என்றார் அம்மா. "குனிஞ்சதே குனிஞ்சே, அதையும் எடுத்துடு."